வெள்ளயம்பலத்தில் ஒரு சவம் தேவைப்பட்டது

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான். கையைக் காட்டுவான், வாயைக் காட்டுவான், யாராவது இரக்கப்பட்டு வழி சொல்வார்கள். முக்கால்வாசி தெரிந்தவனுக்குத்தான் ஆபத்து. மிச்சக் கால்வாசியை அவனே இட்டு நிரப்பிக்கொள்வான். அப்படி நிரப்பிக்கொண்டு, திருவனந்தபுரத்தில் ஒரு மழைக்கால மாலையில், ஒற்றைச் செருப்போடு உயிருக்குப் பயந்து ஓடியவன் நான்.

அப்போது எனக்குத் திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. (மாமனார் வீட்டில் புரூஃப் ரீடர் என்று சொல்லித்தான் பெண் கேட்டோம். மெய்ப்பு என்று சொல்லியிருந்தால் ஆடு மாடு எத்தனை என்று கேட்டிருப்பார்கள்.) ல, ள, ழ மூன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். மற்ற நேரத்தில் உரைநடைக் கவிதை எழுதினேன். வரியை எங்கே உடைப்பது என்று தெரியாதவர்கள் எழுதுவது அது. இன்றும் எழுதுகிறேன். இன்றும் தெரியாது.

சுஜாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவள் மார்த்தாண்டத்துக்காரி. வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், படித்த கல்லூரி அந்தப் பக்கம். தமிழும் மலையாளமும் அவள் வாயில் அக்கா தங்கை மாதிரி, ஒரே தாவணியை மாற்றி மாற்றி உடுத்திக்கொள்ளும். கல்யாணமான கையோடு எல்லாரும் போகிற மாதிரி மூணாறு போவோமா என்று கேட்டாள். என் கையிருப்பு, மாமனார் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரத்தைத்தான் அனுமதித்தது. அதை அப்படியே சொல்லக் கவிஞனுக்கு வாய் வருமா?

"மலையைப் பார்க்க எல்லாரும் போவாங்க சுஜா. நாம ஒரு நகரத்தோட ஆன்மாவைப் பார்ப்போம்" என்றேன்.

"அது எங்க இருக்காம்?"

"திருவனந்தபுரத்துல. வெள்ளயம்பலத்துப் பக்கம்."

அங்கே ஒரு தெரு இருக்கிறதென்று நண்பன் சொல்லியிருந்தான். ஓவியர்கள், பாட்டுக்காரர்கள், நாடகக்காரர்கள், வேலையை விட்டவர்கள், வேலை விட்டுவிட்டவர்கள் எல்லாரும் மாலையில் வந்து கூடுகிற தெரு. டிக்கெட் கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆன்மாவுக்கு இதைவிட மலிவான விலாசம் கிடைக்காது. (தெருவின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் சிலருக்கு என் முகம் ஞாபகம் இருக்கும்.)

காலையில் பஸ்ஸில் கண்டக்டர் ஏதோ சொன்னார். சுஜா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். நான் கையை உயர்த்தித் தடுத்தேன்.

"மொழிபெயர்க்காதே. சங்கப் பாட்டு படிச்சவனுக்கு மலையாளம் தானாப் புரியும். பழைய தமிழ்தானே அது. நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்."

"செரி. இனி நான் வாயத் தொறக்கல்ல" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற குடும்பம் அது. அதுதான் வினையாகப் போயிற்று.

தம்பானூரில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, மத்தியானத்துக்குமேல் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நின்ற மரங்கள் நடுவானத்தில் கைகோத்து, தெருவையே ஒரு நீண்ட பச்சைக் குகை ஆக்கியிருந்தன. இலைகளிலிருந்து சொட்டிய தண்ணீர், விட்ட மழையை மறுபடி ஒருமுறை யோசித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. மதில் முழுக்க ஓவியம். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு கண். அதன் கீழே, வாய் தைக்கப்பட்ட ஒரு பெண்ணின் முகம். மதிலோரம் தார்ப்பாயில் பழைய புத்தகங்கள் நனைந்துகொண்டிருந்தன. தலைமுடி இடுப்புவரை வளர்ந்த ஒருவர் கித்தாரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வாசிக்காமல் என்னையே பார்த்தார். எனக்குப் பரவசமாக இருந்தது. பரவசத்துக்கு அடியில், சொல்லிக்கொள்ள விரும்பாத இடத்தில், ஒரு சந்தேகமும் இருந்தது. இந்தத் தெருவில் ஒருவருக்கும் கண் இமைக்கிற பழக்கமே இல்லையோ என்று பட்டது.

சுஜா தெருமுனைத் தட்டுக்கடையைக் காட்டி, "நீங்க இஞ்ச பெஞ்சில இரிங்க. நான் சாயாவும் பழம்பொரியும் வாங்கிட்டு வாறேன்" என்று போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், எதிர்மரத்தின் தாழ்ந்த கிளையில் மூன்று தலைகள் தொங்கின.

காகிதக் கூழில் செய்த தலைகள்தான். அது தெரிய எனக்குச் சில நொடிகள் பிடித்தன. அந்தச் சில நொடிகளில் நெஞ்சுக்கு ஏற்பட்ட சேதம் பிறகு சரியாகவே இல்லை. கழுத்துப் பக்கம் சிவப்புச் சாயம் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. கிளைக்குக் கீழே மூன்று பேர் நின்றார்கள். நெஞ்சுவரை தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர். ஒட்ட வெட்டிய முடியும் தோளில் செண்டை மேளமுமாக ஒரு பெண். மணிக்கட்டுவரை சிவப்பான கைகளோடு ஒரு வாலிபன். மூன்று பேரும் கவலையாக இருந்தார்கள்.

தாடிக்காரர் சொன்னார்: "ஆறு மணிக்கு முன்னே ஒரு சவம் வேணமல்லோடே."

எனக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. (அந்தக் கண நேரம் எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பாத்தியா சுஜா, அத்தனையும் தமிழ்தான், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பொருள் உள்ளே இறங்கியது.)

"இன்னலத்தெ சவம் எவிடெ?" என்றாள் செண்டைப் பெண்.

"இன்னலத்தெ சவத்தினு பனியா" என்றான் சிவப்புக் கை.

நேற்றைய சவம் பனியில் இருக்கிறது. ஐஸில் வைத்திருக்கிறார்கள். ஆக, நேற்றும் ஒன்று நடந்திருக்கிறது. அந்தத் தெருவின் பச்சை நிறம் மெல்லக் கறுத்தது. மதிலில் இருந்த பெண்ணின் வாயை ஏன் தைத்திருந்தார்கள் என்று இப்போது விளங்கிற்று.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஆ இரிக்குந்ந ஆளு எங்ஙனே?" உட்கார்ந்திருக்கிற அந்த ஆள் எப்படி என்று கேட்டார் தாடிக்காரர்.

"மெலிஞ்ஞதா. சுமக்கான் எளுப்பம்" என்றான் சிவப்புக் கை.

"முகத்து ஜீவனே இல்லல்லோ" என்றாள் அந்தப் பெண், தலையைச் சாய்த்து என்னை அளந்தபடி. "பகுதிப் பணி தீர்ந்நு." பாதி வேலை முடிந்துவிட்டதாம்.

தாடிக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் என்னை நீளவாக்கில் பார்த்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். (நான் கேட்டபடியே எழுதுகிறேன்.)

"ஆளெக் கொல்லாம்."

"கொல்லாம், கொல்லாம்" என்றார்கள் மற்ற இருவரும். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

எழுந்திருக்கப் பார்த்தேன். அதற்குள் தாடிக்காரர் வந்துவிட்டார். பக்கத்தில் குனிந்து, அவ்வளவு பெரிய தாடிக்குள்ளிருந்து மிகவும் அன்பாகக் கேட்டார்: "அண்ணா, கூடே ஆளுண்டோ?"

கூட ஆள் இருக்கிறதா. அதாவது, காணாமல் போனால் தேடுவதற்கு. விரல் தானாக உயர்ந்து தட்டுக்கடையைக் காட்டியது. சுஜா இரண்டு கையிலும் டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். தாடிக்காரர் நேரே அவளிடம் போனார். இனி இவர்கள் பாடு, நாலு வார்த்தை கேட்டுக் கூட்டத்தைக் கூட்டிவிடுவாள் என்று ஒரு நிம்மதி வந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சேச்சி, ஆளெ ஒரு மணிக்கூர் ஞங்ஙள்க்குத் தரோ?" ஒரு மணி நேரத்துக்கு என்னைத் தரமுடியுமா என்கிறார்.

சுஜா என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

"எடுத்தோ. வெறுதே கிடந்நா மதியல்லோ? அது ஆளு வீட்டிலும் செய்யும்."

எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். வெறுமனே கிடந்தால் போதும்தானே என்கிறாள். அதை வீட்டிலேயே செய்கிற ஆள்தானாம்.

"கழிஞ்ஞிட்டு துணியில் பொதிஞ்ஞு தராம்" என்றார் தாடிக்காரர். எல்லாம் முடிந்ததும் துணியில் பொதிந்து தருவார்களாம்.

"பொதியொந்நும் வேண்டா. அங்ஙனே தந்நா மதி" என்றாள் என் மனைவி. பொதிய வேண்டாமாம், அப்படியே தந்தால் போதுமாம். காய்கறிக் கடையில் பை வேண்டாம் என்று சொல்கிற அதே குரல்.

பிறகு என்னிடம் வந்து சாயா டம்ளரை நீட்டினாள். "கேட்டுதா? புரிஞ்சுதில்லியா?"

புரியவில்லை என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் சாகப்போகிற நேரத்திலும் சங்கத் தமிழ் விடவில்லை. "புரிஞ்சது" என்றேன்.

"அப்போ சம்மதந்தானே? பாவம், ஆளு கிட்டாம கஷ்டப்படுதாவ."

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தேன். பத்தடி நடந்தேன். அதற்குப் பிறகு நடக்கவில்லை.

அந்த நகரத்தில் சமதளம் என்று ஒன்றைக் கட்ட மறந்துவிட்டார்கள். எந்தச் சந்தில் திரும்பினாலும் ஏற்றம். ஏறி முடித்தால் இறக்கம். நனைந்த இலைகள் காலடியில் மீன்போல் வழுக்கின. ஒரு செருப்பு போன இடம் தெரியவில்லை. பின்னால் "அண்ணா, நில்லண்ணா" என்று தாடிக்காரரின் குரல். அதற்குப் பின்னால் "இஞ்ச பாருங்க, ஒங்களத்தான்" என்று சுஜாவின் குரல். கொலைகாரர்களோடு சேர்ந்து என் மனைவி என்னைத் துரத்துகிறாள். ஓட்டத்தைவிட வேகமாக மூளை ஓடியது. ஏன்? ஒன்றரை மாதத்தில் நான் அப்படி என்ன செய்துவிட்டேன்?

பயப்பட வேண்டிய விஷயம், பதில் உடனே கிடைத்ததுதான். அதே நகரத்தில், கரமனையில் அவள் சித்தப்பா மாடி அறையையே எங்களுக்காக ஒழித்துவைத்துக் காத்திருக்க, கலைஞன் உறவுக்காரர் வீட்டில் தங்கமாட்டான் என்று மூட்டைப்பூச்சி லாட்ஜுக்கு இழுத்துவந்தேன். அடுத்த இறக்கத்தில் இரண்டாவது வந்தது: தினமும் அவளுக்குக் கண் சொருகுகிற நேரம் பார்த்துக் கவிதை வாசித்து, நல்லா இருக்கு என்று சொன்னால், எந்த வரி என்று கேட்டேன். மறுவீட்டு விருந்தில், அவள் அப்பா மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருக்கையில், மலையாளம் என்பது சளி பிடித்த தமிழ்தானே மாமா என்றேன். (அவர் கரண்டியை மறுபடி சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார்.) ஈரத்துண்டைக் கட்டிலில் அவள் பக்கமாகவே போட்டேன். ஐந்தாவதாக, எதைச் சொல்ல வந்தாலும், நீ சும்மா இரு, எனக்குத் தெரியும். யோசிக்க யோசிக்க அவள் பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போனது. இன்னும் ஒரு ஏற்றம் இருந்திருந்தால் நானே திரும்பிப் போய்ப் படுத்திருப்பேன்.

ஒரு திருப்பத்தில் பெரிய சாலை வந்தது. நடுவில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர், ரெயின்கோட்டில், கையைத் தூக்கி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தத் தூக்கிய கைக்கு அடியில் போய் நின்றுகொண்டேன்.

"சார், இவங்க என்னெக் கொல்லும்."

"ஆரு?"

நான் திரும்பிக் காட்டினேன். அவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். வெள்ளைத் துணியைத் தோளில் சுருட்டிப் போட்ட தாடிக்காரர். சிவப்புக் கைகளோடு வாலிபன். ஓடியும் இறக்கிவைக்காத செண்டையோடு அந்தப் பெண். கடைசியில், என் செருப்பைக் கையில் பிடித்தபடி சுஜா.

போலீஸ்காரர் அந்த ஊர்வலத்தை மேலும் கீழும் பார்த்தார். சுஜாவிடம் கண் நின்றது. "ஈ சேச்சியோ?"

"அவளுந்தான் சார்" என்றேன்.

வண்டிகளெல்லாம் நின்றிருந்ததால் அந்தச் சொல் நாலு சாலைக்கும் தெளிவாகக் கேட்டது. சுஜா செருப்பைக் கீழே போட்டாள்.

தாடிக்காரர் இரண்டு கையையும் விரித்தார். "சாரே, ஆறு மணிக்கு ஞங்ஙள்க்கு நாடகம். சவமாயிட்டு கிடக்கான் ஆளில்லா. இயாளெக் கண்டப்போ, ஆளெ கொள்ளாம்னு பறஞ்ஞு. அத்ரேயுள்ளு."

போலீஸ்காரரின் முகம் மெதுவாக மாறியது. சிரிப்பை ரெயின்கோட்டுக்குள் அடக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கு விளக்கினார்.

"அண்ணாச்சி, கொல்லாம் இல்ல. கொள்ளாம். ள. நல்லாருக்கு, பொருத்தமாருக்குன்னு அர்த்தம்."

"அப்போ... நேத்து சவம்... பனியில..."

"பனின்னா ஜுரம். நேத்து சவமா கெடந்த பையனுக்கு ஜுரம்."

ஒரு லாரி ஹாரன் அடித்தது. போலீஸ்காரருக்கு அவசரமில்லை. "அண்ணாச்சிக்கு நாட்டில எந்து ஜோலி?"

பதில் சுஜாவிடமிருந்து வந்தது. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ல, ள, ழ தப்புத் திருத்துற ஜோலி, சார்."

இதற்குப் பிறகு நான் சவமாகக் கிடப்பதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆறு மணிக்குக் கிடந்தேன். வேலை பார்த்த இடத்தில் செத்துப்போன ஒருவனை யார் தூக்குவது என்று ஊரே சண்டை போடுகிற நாடகம் அது. மரத்தடியில், வெள்ளைத் துணிக்குள், வாயில் ஒரு ஈ நுழையலாமா என்று யோசிக்க, கிடந்தேன். இப்போது பயம் வேறு மாதிரி இருந்தது. முந்தைய பயத்துக்கு ஓடுவதற்கு இடமிருந்தது. இது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. சாலையிலிருந்து திரும்பி வந்த வழியெல்லாம் சுஜா ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுந்தான் சார். அந்த மூன்று நொடியைத் திருத்துவதற்கு எந்த அச்சகத்திலும் குறியீடு கிடையாது.

கடைசிக் காட்சியில் நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். தோளுக்கு மேலே போனதும் விழுந்துவிடுவேன் என்று பயந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டேன். அது தாடிக்காரரின் தாடி.

"எந்தரடே இது" என்று அவர் முனகினார். "சவம் பிடிக்குந்நு."

கூட்டம் சிரித்தது. சோக நாடகம். அந்தச் சிரிப்பில் சுஜாவின் சிரிப்பு இருக்கிறதா என்று துணிக்குள்ளிருந்து காதைத் தீட்டினேன். இல்லை.

மறுநாள் காலை நாகர்கோவில் பாசஞ்சரில் மாமனார் வீட்டுக்குத் திரும்பினோம். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். எதிரே மடியில் பலாப்பழத்தோடு ஓர் அம்மாள். நெய்யாற்றின்கரை தாண்டியதும் சுஜா வாயைத் திறந்தாள்.

"இஞ்ச பாருங்க. அவங்க ஒங்களக் கொல்ல வந்தாங்கன்னு நெனச்சது செரி. தெரியாத ஆளுவ. நான் எதுக்காக்கும் ஒங்களக் கொல்லணும்?"

பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எந்தக் கணவனும் அதைத்தான் சொல்வான். அவள் குரலில் கோபம் இல்லை; கோபம் இருந்திருந்தால் நானும் பொய் சொல்லியிருப்பேன். அது உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. கண்ணோரம் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அதை வைத்துக்கொண்டே விழித்திருக்கிறாள். (நான் மூட்டைப்பூச்சி என்று நினைத்தேன்.)

சொல்லிவிட்டேன். லாட்ஜ், கவிதை, சளி பிடித்த தமிழ், ஈரத்துண்டு, எனக்குத் தெரியும். ஓடும்போது வந்த அதே வரிசையில், ஒன்றையும் விடாமல், ஒன்றுக்கும் சமாதானம் சொல்லாமல். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். கை முழுதும் மூடியதும், அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த அம்மாள் பலாப்பழத்தின்மேல் முழங்கையை ஊன்றி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பாறசாலை வந்தது. போனது. சுஜா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஓடிய ரப்பர் மரங்களிடம் சொல்வதுபோல் சொன்னாள்:

"நான் ரெண்டுதான் நெனச்சு வச்சிருந்தேன்."

அப்போதுதான் சிரித்தாள். பலாப்பழத்து அம்மாளும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வர நேரமாயிற்று.

அந்த அம்மாள் குழித்துறையில் எங்களோடேயே இறங்கினார். என் மாமியாரின் சொந்தக்காரரென்று அங்கே வைத்துத்தான் தெரிந்தது. நாங்கள் ஆட்டோ பேசி வீடு போவதற்குள் ஐந்து காரணங்களும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தன. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் என் குற்றங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். விருந்தில் நான் மொழி பற்றி ஏதாவது ஆரம்பித்தால், மச்சினன் பினு, "அத்தான், மூணு வருது, மூணு வருது" என்று மீன் சட்டியைத் தள்ளி வைப்பான். என் மகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குளியலறையிலிருந்து நான் வெளியே வரும்போதே "அப்பா, நாலு" என்று கத்துவாள். புத்தக வெளியீடு ஒன்றில் நான் இன்னொரு கவிதையும் வாசிக்கட்டுமா என்று மேடையில் கேட்டபோது, மூன்றாவது வரிசையில் சுஜா இரண்டு விரலைக் காட்டினாள். வெற்றிச் சின்னம் என்று நினைத்துப் பலர் கைதட்டினார்கள்.

எந்த இரண்டு என்று பாறசாலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறந்தநாளுக்குக் கேட்டிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்தபோது, சாகக் கிடப்பவன் கேட்பதுபோல் கேட்டிருக்கிறேன். "அது இப்போ எதுக்காக்கும்" என்பதோடு சரி. அதனால் இப்போதெல்லாம் சக்திக்கு மீறிய ஓட்டலில் அறை எடுக்கிறேன். கேட்டால் ஒழியக் கவிதை வாசிப்பதில்லை. எந்த மொழிக்கும் சளி பிடிப்பதில்லை. அடுத்தவர் வீட்டில்கூடத் துண்டைக் கொடியில்தான் காயப்போடுகிறேன். சுஜா பேச ஆரம்பித்தால் முடிகிறவரை கேட்கிறேன். இந்த ஐந்தில் மூன்று, யாரும் கேட்காமல் நானாகத் திருந்தியவை. அவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். எந்த மூன்று என்று தெரியாததால், ஒன்றையும் விடுவதற்குத் தைரியம் வரவில்லை.